மடைமட்டத்துக்குக் கீழே நிற்கிற தண்ணீரை விட்டுவையுங்கள்

கண்மாய்ப் பாசனச் சங்கத் தலைவர்களுக்கும், ஊராட்சி மன்றத் தலைவர்களுக்கும், ஏலத்தன்று முன்வரிசையில் உட்காரும் ஊர்ப் பெரியவர்களுக்கும்,

வணக்கம்.

ஜூலை 1-ஆம் தேதி புதுப் பசலி, அதாவது வருவாய்க் கணக்கு ஆண்டு, பிறக்கிறது. அதையொட்டி மதுரை, சிவகங்கை, இராமநாதபுரம், புதுக்கோட்டைப் பக்கத்து ஊர்களில் மீன்பாசி ஏலம், அதாவது கண்மாயில் மீன் பிடிக்கிற உரிமைக்கான ஏலம், வரும். டெபாசிட் கட்டியவர்கள் கேட்பார்கள், தொகை ஏறும், யாராவது ஒருவர் பெயரில் முடியும். பிறகு குத்தகைச் சீட்டு எழுதுவீர்கள். பணத்தை எத்தனை தவணையில் கட்ட வேண்டும், பாசனத்துக்கு இடைஞ்சல் செய்யக் கூடாது, கரையை வெட்டக் கூடாது, மடையில் கை வைக்கக் கூடாது என்று நிபந்தனைகள் வரிசையாக வரும். அந்த வரிசையில் இன்னும் ஒரு வரியைச் சேர்க்கச் சொல்லி இந்த மடலை எழுதுகிறேன்: மடையின் வாய்மட்டத்துக்குக் கீழே தேங்கி நிற்கிற தண்ணீரை மோட்டார் வைத்து இறைத்து மீன் பிடிக்கக் கூடாது.

ஏன் என்று கேட்பீர்கள். சொல்கிறேன்.

தை, மாசியில் அறுப்பு முடிந்து தண்ணீர் தேவை நின்றபிறகும் கண்மாயில் மிச்சம் இருக்கும். அது மடையின் வாய்மட்டம் வரைக்கும்தான் தானாக வடியும். அதற்குக் கீழே, கரைக்கு மண் எடுத்த பள்ளங்களிலும் மடைக்கு முன்னால் உள்ள மடுவிலும் கொஞ்சம் நிற்கும். எந்த வயலுக்கும் போகாத தண்ணீர் அது. ஆடு மாடு குடிக்கும், எருமை படுக்கும். கண்மாயில் வலைக்குத் தப்பிய மீன் அத்தனையும் அந்தக் கொஞ்சத் தண்ணீரில்தான் வந்து ஒடுங்கும். வைகாசி வெயிலில் அது இன்னும் சுருங்கும். புரட்டாசி, ஐப்பசியில் வரத்துக்கால் வழியாகப் புதுத்தண்ணி வந்து மடுவைத் தொடும்போது அங்கிருந்து கிளம்புகிறது பாருங்கள், அந்த மீன்தான் அடுத்த வருஷத்துக்கு விதை.

இப்போது அந்த மடு ஒரு கோடையைக்கூடத் தாண்டுவதில்லை. டீசல் மோட்டாரைக் கொண்டுவந்து வைத்து, குழாயைக் கரைக்கு மேல் போட்டு, ராத்திரி பகலாக இறைக்கிறார்கள். தரை தெரிந்ததும் முழங்கால் சேற்றில் ஆட்கள் இறங்கி அரித்தெடுக்கிறார்கள். கட்லாவும் ரோகுவும் அதற்கு முன்பே இழுவலையில் போயிருக்கும். மிஞ்சியிருப்பது அரைக் கிலோ தேறாத விரால், குறவை, சேற்றுக்குள் வாயை மட்டும் நீட்டிக்கொண்டிருக்கும் தேளி, விரல் நீளக் கெண்டைப்பொடி. பெரியதைக் கூடையில் போட்டுக்கொண்டு, பொடியை வாரக் கூலி கட்டாது என்று சேற்றிலேயே விட்டுவிட்டுப் போவார்கள். மறுநாள் அந்தப் பக்கம் மூக்கைப் பிடிக்காமல் நடக்க முடியாது.

குத்தகைக்காரரைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. அவர் வட்டிக்கு வாங்கிக் கட்டிய பணம். மழை பொய்த்தால் குஞ்சு விட்ட காசே திரும்பாது. சீட்டில் தடுக்காத எதையும் அவர் செய்வார், நானாக இருந்தாலும் செய்வேன். தடுக்க வேண்டிய இடத்தில் இருப்பவர்கள் நீங்கள்.

விராலை எடுத்துக்கொள்வோம். செவுளால் மட்டும் மூச்சுவிடுகிற மீன் இல்லை அது. தலைக்குள், செவுளுக்கு மேலே அதற்குக் காற்றறை உண்டு. அவ்வப்போது மேலே வந்து வாயால் காற்றுக் குடித்தாக வேண்டும். மேலே வர விடாமல் அமுக்கி வைத்தால் தண்ணீருக்குள்ளேயே மூச்சுமுட்டிச் செத்துப்போகும். அந்த அறையின் புண்ணியத்தில்தான் தண்ணீர் வற்றினாலும் ஈரச் சேற்றில் புதைந்து கோடையைத் தள்ளுகிறது. மழை விழுந்து கண்மாயின் உள்வாயில், அதாவது கரைக்கு உட்புறம் நீர் பிடிக்கிற பரப்பில், தண்ணீர் பரவியதும், ஆழமில்லாத இடமாகப் பார்த்து, கோரைக்கும் அல்லிக்கும் நடுவே வட்டமாக ஓர் இடத்தைச் சுத்தம் செய்து முட்டையிடும். முட்டை மிதக்கும். சீக்கிரமே பொரிந்துவரும் குஞ்சுகள் செம்மஞ்சள் நிறத்தில் நூற்றுக்கணக்கில் ஒரே பந்தாகத் திரண்டு திரியும். மேலே இருந்து பார்த்தால் அந்த ஓரிடத்தில் மட்டும் தூறல் விழுகிற மாதிரி தண்ணீர் பொரியும். குஞ்சுகள் காற்றுக் குடிக்க வருகின்றன. பந்துக்கு அடியில் பெரிய மீன் காவல் நிற்கும்.

அந்தக் காவலை வைத்தே அதைப் பிடிக்கிற வித்தையும் நம் ஊரில் உண்டு. தவளையைக் கோத்த தூண்டிலைக் குஞ்சுக் கூட்டத்தின் நடுவில் போட்டு இழுத்தால், பசியே இல்லாவிட்டாலும் காவல் மீன் பாய்ந்து கவ்வும். இப்போது இதை வீடியோ எடுத்துப் போட்டு லைக்கு வாங்குகிறார்கள். காவல் போன குஞ்சுப் பந்து பொழுது சாய்வதற்குள் மற்ற மீனுக்கும் நீர்க்காகத்துக்கும் இரையாகிவிடும். ஐப்பசி, கார்த்திகையில் குஞ்சோடு நிற்கிற விராலை யாரும் தொடக் கூடாது என்று ஊர்க்கூட்டத்தில் ஒரு வார்த்தை சொன்னால் போதும். சட்டமெல்லாம் வேண்டாம், நீங்கள் சொன்னால் கேட்பார்கள்.

சந்தைக்குப் போனால் இந்த மீனுக்கு என்ன மரியாதை என்று தெரியும். கட்லாவைப்போல இரண்டு மூன்று மடங்கு விலை. பிரசவித்த பெண்ணுக்கு, ஆபரேஷன் முடிந்தவருக்கு என்று தேடி வந்து உயிரோடு வாங்கிப்போகிறார்கள். தெலங்கானா அரசு தன் மாநில மீனாகவே இதை அறிவித்து வைத்திருக்கிறது.

அயிரைக்கு இதைவிட மவுசு. மதுரையில் அயிரைமீன் குழம்புக்காகவே பெயர் வாங்கிய கடைகள் இருக்கின்றன. உயிரோடு, தண்ணீர் நிறைந்த பாத்திரத்தில் வைத்து விற்றால்தான் அயிரை. வீட்டுக்குக் கொண்டுவந்து பாலில் விட்டு, மண்ணைக் கக்கவைத்து, உப்புப் போட்டு உரசி, பிறகுதான் குழம்புக்குப் போகும். கிலோ ஆயிரம் ரூபாயைச் சாதாரணமாகத் தாண்டுகிறது. விரல் நீளம்கூட இல்லாத இந்த மீனுக்கு மணல் வேண்டும். மணலுக்குள் புதைந்து கிடப்பதுதான் அதன் வாழ்க்கை. தண்ணீரில் மூச்சுக்காற்றுக் குறைந்தால் மேலே வந்து காற்றை விழுங்கிக் குடல் வழியாக உறிஞ்சிக்கொள்ளும். அறிவியலுக்கு இது அறிமுகமானது 1846-இல், திருகோணமலைக்குப் பக்கத்தில் கன்னியா வெந்நீரூற்றில் கிடைத்த மீனை வைத்து. அதனால்தான் அதன் அறிவியல் பெயரில் வெந்நீர் ஒட்டிக்கொண்டிருக்கிறது. சுடுதண்ணீர் ஊற்றிலும் பிழைத்த மீன், ஜேசிபி வாளிக்கு முன்னால் தோற்றுவிட்டது. கண்மாயிலும் வரத்துக்காலிலும் மேல் மணலை வழித்து எடுத்துவிட்டால் களிமண்ணில் அது எங்கே புதையும்?

பனையேறிக் கெண்டையையும் சொல்லாமல் விட முடியவில்லை. 1791-இல் தரங்கம்பாடியில் இருந்த டால்டோர்ஃப் என்ற டேனிஷ் அதிகாரி, குளத்தோரப் பனைமரத்தின் பட்டை இடுக்கில், தண்ணீருக்கு மேலே ஐந்தடி உயரத்தில் இந்த மீனைப் பிடித்ததாக எழுதிவைத்தார். ஐரோப்பாவில் பாதிப்பேர் நம்பவில்லை. பறவை தூக்கிப்போய்ப் போட்டிருக்கும் என்று பிற்பாடு சொன்னவர்களும் உண்டு. மரம் ஏறியதோ இல்லையோ, மழை ராத்திரியில் செவுள் மூடியை ஊன்றி ஊன்றி ஒரு குட்டையிலிருந்து இன்னொரு குட்டைக்குத் தரைவழியாகப் போவது நிஜம். கிளம்புவதற்கு முதலில் ஒரு குட்டை வேண்டும், அதைத்தான் இறைத்துவிடுகிறோம்.

கணக்கு என்று பார்த்தாலும் எனக்கு இது புரியவில்லை. கட்லா, ரோகு, மிர்கால் மூன்றும் வட இந்தியப் பேராறுகளின் மீன்கள். ஓடுகிற வெள்ளத்தில்தான் இனம் பெருக்கும், தேங்கிய கண்மாயில் முட்டை வைக்காது. 1957 ஜூலை 10-ஆம் தேதி ஒடிசாவில் மீனியல் அறிஞர் ஹிராலால் சௌத்ரி குழுவினர் ஊசி போட்டு இந்த வகை மீன்களைக் குஞ்சு பொரிக்க வைத்த பிறகுதான் பண்ணைக் குஞ்சு நம் ஊர் வரைக்கும் வந்தது. அந்தத் தேதியைத்தான் தேசிய மீன் விவசாயிகள் தினமாகக் கொண்டாடுகிறோம். நல்ல காரியம்தான். மலிவு மீன் ஏழை வீட்டுச் சட்டிக்கு வந்தது அதனால்தான். ஆனால் அதற்கு வருஷா வருஷம் காசு கொடுத்துக் குஞ்சு வாங்கி விட வேண்டும். விராலும் அயிரையும் கெளுத்தியும் யாரும் விடாமலே வருகின்றன, விற்றால் கூடுதல் விலைக்குப் போகின்றன. இலவசமாக வந்து அதிக விலைக்குப் போகிற சரக்கின் விதையை அழித்துவிட்டு, காசு கொடுத்து வாங்கிக் குறைந்த விலைக்குப் போகிறதை மட்டும் நம்பியிருக்கிறோம்.

இதில் மீன்வளர்ப்புக் கையேடுகளுக்கும் பங்கு உண்டு. வளர்ப்புக் குளத்தைத் தயார்செய்யும்போது கொன்றுண்ணி மீன், களை மீன் எல்லாவற்றையும் ஒழிக்கச் சொல்வார்கள். ஒரு எக்டேரில் ஒரு மீட்டர் ஆழத் தண்ணீருக்கு 2,000 முதல் 2,500 கிலோ இலுப்பைப் புண்ணாக்கு என்று அளவும் கொடுப்பார்கள். பண்ணைக் குட்டைக்கு எழுதிய பாடம் அது. சொந்த இடத்தில் வெட்டிய குட்டையில் எதை வளர்ப்பது என்பது அவரவர் விருப்பம். அதே பாடத்தை ஊர்ப்பொதுக் கண்மாயின் கடைசி மடுவில் நடத்தும்போதுதான் தகராறு. வேறு மருந்து கலக்கிற இடங்களும் இருக்கின்றன. தண்ணீரில் விஷம் கலந்தும் வெடி வைத்தும் மீன் பிடிப்பதை 1897-ஆம் வருஷத்து இந்திய மீன்வளச் சட்டமே குற்றம் என்று சொல்லிவிட்டது. வெள்ளைக்காரன் காலத்துச் சட்டத்தைக் குத்தகைச் சீட்டில் ஒரு வரியாக எழுத நமக்கு ஏன் கை வரவில்லை?

வெளியூர் மீன்களைப் பற்றியும் இரண்டு வார்த்தை. ஜிலேபி என்கிற திலாப்பியா 1952-இல் இந்தியாவுக்கு வந்தது. குஞ்சை வாய்க்குள் வைத்து வளர்க்கிற மீன், வருஷம் முழுக்கப் பெருகும். இனி அதைக் கண்மாயிலிருந்து வெளியேற்ற யாராலும் முடியாது, முடிந்தவரை பிடித்துத் தின்பதுதான் வழி. ஆப்பிரிக்கக் கெளுத்தி அப்படியில்லை. அதை வளர்க்க 2000-ஆம் ஆண்டிலேயே மத்திய அரசு தடை போட்டுவிட்டது. இன்னும் கோழிக்கழிவைப் போட்டுக் குட்டைகளில் வளர்க்கிறார்கள், ஒரு பெருமழையில் குட்டை உடைந்தால் நேரே கண்மாய்க்கு வந்துவிடும். உங்கள் ஊராட்சி எல்லைக்குள் அப்படிக் குட்டை இருந்தால் உங்களுக்குத் தெரியாமல் இருக்காது. கண்ணாடித் தொட்டிக்கு வாங்கி, பெருத்ததும் பாவம் பார்த்து ஏரியில் விடுகிற டேங்க் கிளீனர் மீன் இன்னொரு தலைவலி. செதில் எலும்புத் தகடு மாதிரி இருக்கும், வலையைக் கிழிக்கும், முட்டையிடக் கரையில் வளை தோண்டும். மண்கரைக்கு அது நல்லதா என்று நீங்களே சொல்லுங்கள்.

கொசுவுக்காகச் சுகாதாரத்துறை விடுகிற கம்பூசியா மீன் 1928-இல் இந்தியாவுக்கு வந்தது. கொசுப்புழுவை மட்டுமல்ல, மற்ற மீன்களின் முட்டையையும் குஞ்சையும் சேர்த்தே தின்னும். உலகின் மோசமான 100 அந்நிய உயிரினங்கள் என்று வெளியான பட்டியலில் கம்பூசியாவும் இருக்கிறது, ஜிலேபியும் இருக்கிறது. நம் வாய்க்காலிலேயே உச்சந்தலையில் வெள்ளிப் பொட்டு மின்ன, நீர்மட்டத்தை ஒட்டியே திரிகிற சிறு மீன் ஒன்று உண்டு. கொசுப்புழு தின்பதில் அது கெட்டிக்காரன். கிணற்றுக்கோ தொட்டிக்கோ மீன் விட வேண்டுமென்றால் அதைப் பிடித்து விடச் சொல்லுங்கள்.

அடுத்தது நீர்வளத் துறைப் பொறியாளர்கள் காதில் நீங்கள் போட வேண்டிய சேதி. தமிழ்நாட்டில் 39,000-க்கும் மேற்பட்ட ஏரி, கண்மாய்கள் இருக்கின்றன. நீர்நிலைகளை ஊராரே சேர்ந்து பராமரிக்கிற குடிமராமத்தை 2017-இல் மறுபடி தொடங்கியதிலிருந்து அவற்றில் பலவற்றில் மண்வெட்டு இயந்திரம் இறங்கிவிட்டது. தூர்வாருவது வேண்டும், அதில் எனக்கு மறுபேச்சு இல்லை. எப்படி வாருகிறோம் என்பதுதான் கேள்வி. கண்மாய் என்றால் கரையோரம் ஆழமாகவும் உள்வாய்ப் பக்கம் போகப்போகச் சரிந்து மேடாகவும் இருக்கும். அந்த மேட்டுப் பக்கத்தில் முழங்கால் தண்ணீர் பரவி நிற்கிற புல்வெளியில்தான் கெண்டையும் விராலும் முட்டை வைக்கும். வண்டல் அள்ள வருகிற வண்டிக்கு எது வசதியோ அங்கே சுவர் மாதிரிச் செங்குத்தாகக் குழி பறித்துவிட்டுப் போகிறார்கள். மீனுக்கு அதில் முட்டை வைக்க இடமில்லை. தெரியாமல் இறங்கிய ஆடும் பிள்ளைகளும் ஏறிவரவும் வழியில்லை. வெட்டுகிற மண்ணை மடைக்கு முன்னால் மடுவை ஆழப்படுத்தி எடுக்கட்டும், சரிவாக எடுக்கட்டும். உள்வாய் விளிம்பில் கோரை நிற்கிற பகுதியைத் தொடாமல் விடட்டும். சீமைக்கருவேலையை மட்டும் அங்கிருந்து வேரோடு பிடுங்கினால் சந்தோஷம்.

கண்மாய் நிறைந்தால் மிச்சத் தண்ணீர் வழிகிற கலுங்கைக் கட்டும்போதும் இதே அசட்டைதான். நம் கண்மாய்கள் ஒன்றுக்கொன்று தொடுப்பு. மேல்கண்மாய் நிறைந்து மறுகால் போனால் அந்தத் தண்ணீர் கீழ்க்கண்மாய்க்கு வரும். அந்த ஓட்டத்தை எதிர்த்து மீன் ஏறும். பழைய கலுங்குகளில் கீழ்ப்பக்கம் கருங்கல்லைச் சரிவாகப் பாவியிருப்பார்கள். கல்லுக்கும் கல்லுக்கும் நடுவில் சுழிக்கிற தண்ணீரில் நின்று, இளைப்பாறி, தாவித் தாவி மீன் மேலே போய்விடும். அந்த இடத்தில் பறி என்கிற மீன்கூடை வைத்துப் பிடிக்கிறவர்களுக்கு அது நன்றாகத் தெரியும். இப்போது வழவழவென்று கான்கிரீட்டில் ஆள் உயரச் சுவராக இறக்கிவிடுகிறார்கள். எந்தக் கெண்டையும் அதில் ஏறாது. புதுக் கலுங்கை இடிக்கச் சொல்லவில்லை. அதன் ஓர் ஓரத்தில், நான்கடி அகலத்துக்குக் கரடுமுரடான கல்லைச் சரிவாக அடுக்கிக் கொடுத்தால் போதும். எஸ்டிமேட்டில் அது ஒரு தொகையே இல்லை. அந்த ஓரத்தில் மட்டும் மறுகால் ஓடும் நாட்களில் பறி வைக்க வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

மீன்பிடித் திருவிழாவை நிறுத்தச் சொல்வேனோ என்று சிலருக்குச் சந்தேகம் வரலாம். நிறுத்தக் கூடாது. விடியும் முன்னே சுற்றுப்பட்டு ஊர்களிலிருந்து டிவிஎஸ்ஸிலும் வேனிலும் வந்து கரையில் நின்று, பெரியவர் வெள்ளைத் துண்டை வீசியதும் ஊத்தா என்கிற மூங்கில் கூடு, கச்சா வலை, கூடை, பழைய சேலை என்று கையில் கிடைத்ததோடு ஒரே ஓட்டமாக இறங்குகிற அந்த ஒரு காலைக்காகச் சிங்கப்பூரிலிருந்து லீவு போட்டு வருகிறவர்கள் உண்டு. பிடித்ததை விற்காமல் வீட்டுக்குக் கொண்டுபோய்க் குழம்பு வைப்பதும், வந்த விருந்தாளிக்குப் பங்கு கொடுப்பதும் நல்ல வழக்கம். ஊத்தாவும் கையும் எத்தனை பேர் இறங்கினாலும் மடுவைத் துடைத்து எடுத்துவிட முடியாது. ஆழத்தில் கொஞ்சம் தப்பும். துடைத்து எடுப்பது மோட்டார். திருவிழாவையும் மோட்டாரையும் ஒரே தராசில் வைக்காதீர்கள்.

ஊரே சேர்ந்து ஒரு கட்டுப்பாட்டை வைத்துக் காப்பாற்ற முடியுமா என்று கேட்பவர்களைச் சிவகங்கை மாவட்டத்து வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயத்துக்குப் போய்வரச் சொல்லுங்கள். அங்கே கொள்ளுகுடிப்பட்டிக் கண்மாயில் கூடு கட்டுகிற பறவைகள் மிரளும் என்பதற்காகப் பல பத்தாண்டுகளாகத் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. பிள்ளைகள் இருக்கிற வீட்டில் அதைவிடக் கஷ்டமான கட்டுப்பாடு இருக்கிறதா? ஊருணியில் காலை நனைக்கக் கூடாது என்று எத்தனையோ தலைமுறையாகக் காத்த ஊர்களும் நம் பக்கம்தான் இருக்கின்றன. யாரும் காவலுக்கு ஆள் போடவில்லை.

குத்தகைச் சீட்டில் சேர்க்க வேண்டிய வாசகத்தை நானே எழுதித் தருகிறேன். உங்கள் செயலர் மாற்ற வேண்டியதை மாற்றிக்கொள்ளட்டும்:

“குத்தகைதாரர் மடையின் வாய்மட்டத்துக்குக் கீழ் தேங்கியுள்ள நீரை எந்த இயந்திரத்தாலும் இறைக்கக் கூடாது. அந்நீரில் இழுவலை இடவோ, புண்ணாக்கு, பிளீச்சிங் பவுடர், பூச்சிமருந்து உள்ளிட்ட எதையும் கலக்கவோ கூடாது. ஆப்பிரிக்கக் கெளுத்திக் குஞ்சுகளைக் கண்மாயில் விடக் கூடாது. மீறினால் வைப்புத்தொகை திருப்பித் தரப்படாது.”

மட்டம் எது என்று பின்னால் சண்டை வராமலிருக்க, மடைத்தூணில் சிவப்புப் பெயிண்டால் ஒரு கோடு போட்டுவிடுங்கள். அதைக் கவனிக்கிற பொறுப்பை, மடை திறந்து வயலுக்குத் தண்ணீர் விடுகிற நீர்ப்பாய்ச்சியிடமே கொடுக்கலாம், அவர் எப்படியும் தினமும் மடைப்பக்கம் போகிறவர். இந்த நிபந்தனையால் ஏலம் கொஞ்சம் குறைவாகத்தான் கேட்கப்படும், அதை மறைத்துப் பேசிப் பயனில்லை. முதல் பசலிக்கு ஆரம்பக் கேள்வித்தொகையைச் சற்றே இறக்கி வையுங்கள். இரண்டு மழைக்காலம் மடு தப்பிவிட்டால், விராலுக்காகவே கூட்டிக் கேட்க ஆள் வரும் என்று நினைக்கிறேன்.

இப்படிக்கு,
சிவகங்கைச் சீமைக் கண்மாய் ஒன்றின் பாசனதாரர்